ஃப்ரீ மோஷன் குயில்ட்டிங்: நிறத்துக்கு முன்னால் பருமனைப் பாருங்கள்

நூல் எடுக்கப் போனால் கை முதலில் நிறத்துக்குத்தான் நீளும். மேல்துணி, நடுப் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பது குயில்ட்டிங்; அதில் துணியைக் கையால் விருப்பப்படி நகர்த்தித் தைப்பது ஃப்ரீ மோஷன். இதில் நிறம் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் முடிவாக வேண்டியது வேறு. தையல் கோடு கண்ணில் பட வேண்டுமா, அல்லது துணி மேடு பள்ளமாக எழும்புவது மட்டும் தெரிந்தால் போதுமா? கோடு தெரிய வேண்டுமென்றால் தடித்த நூல், மேடு பள்ளம் போதுமென்றால் மெல்லிய நூல். இது முடிவாகிவிட்டால் ஊசி, பாபினில் (அடி நூல் சுற்றும் உருளை) போடும் நூல், டென்ஷன் (நூலின் இறுக்கம்) மூன்றும் அதன் பின்னால் வந்துவிடும். நிறம் சரியாக அமையாவிட்டால் பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். பருமன் சரியாக அமையாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், இல்லையென்றால் தைத்துத் திரும்பிய இடமெல்லாம் கயிறு ஓடியது போலத் தடித்து நிற்கும்.

நேர்த்தையலில் மெஷினின் பற்கள் துணியை ஒரே திசையில், ஒரே அளவில் நகர்த்துகின்றன. ஃப்ரீ மோஷனில் பற்களை இறக்கிவிடுகிறோம். துணியை நகர்த்துவது கை. மெஷின் வேகமும் கை வேகமும் சேர்ந்துதான் தையலின் நீளம். ஊசி துணிக்குள் இருக்கும்போதே கை துணியை இழுத்துவிட்டால் ஊசி லேசாக வளையும். போதாததற்கு, நூலின் ஒவ்வொரு பகுதியும் தையலாகப் படிவதற்கு முன் ஊசிக் காதுக்குள்ளும் துணிக்குள்ளும் பலமுறை மேலும் கீழும் போய் வருகிறது. அந்த உராய்வு இங்கே நாலா பக்கமிருந்தும் வரும். சட்டை தைக்கும்போது முனகாமல் ஓடிய நூல் இதில் உரிந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

லேபிளில் இருக்கும் எண்

‘வெயிட்’ என்று போட்டிருந்தால் எண் கூடக்கூட நூல் மெலியும். 40 வெயிட் என்றால் அந்த நூல் ஒரு கிலோவுக்கு 40 கிலோமீட்டர் வரும். 100 வெயிட் என்றால் ஒரு கிலோவுக்கு 100 கிலோமீட்டர். இதுவரை குழப்பமில்லை.

பருத்தி நூலில் 50/2, 50/3 என்று எழுதியிருப்பார்களே, குழப்பம் அங்கேதான் ஆரம்பம். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது எத்தனை இழைகளை முறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. பருத்திக் கவுண்ட் முறையில் 50 என்பது ஒற்றை இழைக்கு உரிய எண். எனவே 50/3 நூல், 50/2 நூலைவிட ஒன்றரை மடங்கு கனம். டெக்ஸ் கணக்கில் (1000 மீட்டர் நூலின் எடை, கிராமில்) முதலாவது ஏறக்குறைய 35, இரண்டாவது ஏறக்குறைய 24. இரண்டு ஸ்பூலிலும் பெரிய எழுத்தில் 50 என்றுதான் இருக்கும். ஒன்றுக்கு வைத்த டென்ஷனில் மற்றதைப் போட்டுவிட்டு, “அதே 50தானே, ஏன் பின்பக்கம் இப்படி வருகிறது” என்று மெஷினைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சாதாரணத் தையல் நூலில் 120 என்று இருப்பது டிக்கெட் எண். அதை மூன்றால் வகுத்தால் வெயிட் வந்துவிடும்: 40. ஆக 120 என்று பார்த்ததும் 100 வெயிட்டைவிட மெல்லியது என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. எம்ப்ராய்டரி நூலில் 120/2 என்று இருந்தால் அது டீனியர், அதாவது 9000 மீட்டரின் எடை கிராமில். 120 டீனியர் இழை இரண்டு, மொத்தம் 240. ஒன்பதால் வகுத்தால் ஏறக்குறைய 27 டெக்ஸ். கடையில் 40 வெயிட் எம்ப்ராய்டரி நூல் என்று கிடைப்பது இதுதான். வெவ்வேறு வழியில் வந்த இரண்டு 120-ம் கடைசியில் ஏறக்குறைய ஒரே பருமனில் வந்து நிற்பது தற்செயல்தான், அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தனை முறைகளில் நம்பத் தகுந்தது டெக்ஸ். 1000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெக்ஸ். இழை எத்தனையானாலும், பருத்தியோ பாலியஸ்டரோ, ஒரே அளவுகோல். லேபிளில் சிறிய எழுத்தில் இருந்தாலும் தேடிப் பாருங்கள். ஆரிஃபில் பருத்தி நூல் வாங்குபவர்களுக்கு ஸ்பூலின் நிறமே அடையாளம்: ஆரஞ்சு 50, பச்சை 40, சாம்பல் 28, சிவப்பு 12.

எந்த வேலைக்கு எந்தப் பருமன்

மைக்ரோ ஸ்டிப்லிங் (குட்டிக் குட்டி வளைவுகளால் நிரப்புவது), கூழாங்கல் வட்டங்கள் போல 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நிரப்பும் வேலைக்கு 80 முதல் 100 வெயிட். இங்கே 40 போட்டால் துணி தெரியாது, நூல்தான் தெரியும், குயில்ட்டும் அட்டை போல விறைத்துவிடும். 2, 3 சென்டிமீட்டர் அகலத்தில் வளைந்து வளைந்து குயில்ட் முழுக்க ஓடும் பொதுவான டிசைனுக்கு 40 அல்லது 50. எழுத்து, பெரிய பூவின் வெளிக்கோடு மாதிரி தூரத்திலிருந்து படிக்க வேண்டியவற்றுக்கு 28 அல்லது 30. 12 வெயிட்டிலும் தைக்கலாம். ஆனால் எளிமையான, ஒன்றையொன்று தொடாத கோடுகளுக்கு மட்டும், அதுவும் 2.5 சென்டிமீட்டருக்கு ஆறேழு தையல் விழும்படி நீளமாக. 50 வெயிட்டில் அதே இடத்தில் பத்து, பன்னிரண்டு தையல் விழலாம்.

இறகு டிசைனைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நூலின் பருமன் அங்கேதான் வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும். நடுத்தண்டிலிருந்து கிளம்பி, இதழின் தலையைச் சுற்றி, மறுபடி தண்டுக்கு வருகிறோம். அடுத்த இதழுக்குப் போக, முன்பு தைத்த கோட்டின் மேலேயே கொஞ்ச தூரம் திரும்ப நடக்க வேண்டும். இதழின் தோளில் இரட்டைக் கோடு. தண்டில் சேரும் இடத்தில் இரண்டு, சில சமயம் மூன்று. 40/3 பருத்தியில் இந்த மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விரலால் தடவினால் முடிச்சு போல இடறும். கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் அப்பட்டமாகத் தெரியும். அதே இறகை 60 வெயிட் பாலியஸ்டரில் தைத்தால் இரட்டைக் கோடு ஒற்றையாகத் தோன்றும், விலகலும் துணியின் பள்ளத்துக்குள் மறைந்துவிடும். கை இன்னும் படியாதவர்கள் துணியோடு ஒத்துப்போகும் மெல்லிய நூலில் பழகுவதே நல்லது. பளிச்சென்ற தடித்த நூலைப் பழகுபவர் கையில் கொடுப்பது கொடுமை.

எந்த இழை

பருத்தி மங்கலாக, துணியோடு அமைதியாகக் கிடக்கும். குறை என்றால் பிசிறு. நீண்ட இழைப் பருத்தியில் செய்து, மெர்சரைஸ் செய்து (காரக் கரைசலில் நனைத்து வலுவும் மினுமினுப்பும் ஏற்றி), மேல் பிசிறைத் தீயில் பொசுக்கி எடுத்த நூலில் இது குறைவு. மலிவான நூலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஓரமெல்லாம் மயிர் போன்ற பிசிறு தெரியும். அந்த மயிர்தான் பாபின் கேஸுக்குள் சேர்ந்து, டென்ஷன் தகட்டுக்கு அடியில் கெட்டியாகி, திடீரென்று அடி நூலைத் தளர்த்திவிடும். பருத்தியில் தைக்கும்போது ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் பாபின் உட்காரும் ஹூக் பகுதியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுவது வேலையின் ஒரு பகுதி.

பாலியஸ்டர் வலுவானது, பிசிறு குறைவு, வேகத்தைத் தாங்கும். ட்ரைலோபல் என்று எழுதியிருந்தால் இழையின் குறுக்குவெட்டு முக்கோண வடிவம், அதனால் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். ஐசகார்ட் 40 இந்த வகை. பளபளப்பு வேண்டாமென்றால் மங்கலான பாலியஸ்டரும் கிடைக்கிறது. சுபீரியர் நிறுவனத்தின் பாட்டம் லைன் 60 வெயிட், மைக்ரோகுயில்ட்டர் 100 வெயிட் அப்படிப்பட்டவை. பாலியஸ்டர் நூல் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்ற பழைய பயம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. துணியைவிட முரட்டுத்தனமாகத் தடித்த நூலை இழுத்துக் கட்டினால் எந்த இழையானாலும் துணி கிழியும். மெல்லிய, மென்மையான பாலியஸ்டரை அந்தப் பயத்தால் ஒதுக்க வேண்டியதில்லை.

பட்டு 100 வெயிட்டில் அழகு, துணியில் கரைந்தே போகும். அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு அதைச் செலவிட மனம் வராது, சுவரில் தொங்கும் குயில்ட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ரேயான் ஈரத்தில் வலுவிழக்கும், பிளீச் பட்டால் நிறம் போகும், ஆகையால் அதுவும் சுவருக்குத்தான். கண்ணாடி போன்ற ஒற்றை இழை நூலான மோனோஃபிலமென்ட்டில் நைலான், பாலியஸ்டர் என்று இரண்டு உண்டு. நைலான் நாளடைவில் மஞ்சளாகும், சூடான இஸ்திரியில் உருகும். பாலியஸ்டரே வாங்குங்கள். வெளிர் துணிக்கு நிறமற்றது, அடர் துணிக்குப் புகை நிறம். அதைப் பாபினிலும் சுற்றுவதானால் மெதுவாக, பாதிக்கு மேல் நிரப்பாமல் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் நூல் நீண்டுகொண்டே ஏறும். துணியில் போனபிறகு சுருங்கி, தைத்த இடத்தையும் சேர்த்துச் சுருக்கும். சாதாரண பாலியஸ்டருக்கும் இது ஓரளவு பொருந்தும்.

கைத்தையல் குயில்ட்டிங்குக்கென்று மெழுகோ பசையோ பூசி விறைப்பாக வரும் நூலை மெஷினில் போடவே கூடாது. பூச்சு உரிந்து டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் படியும். அதன் பிறகு எந்த நூலுக்கும் டென்ஷன் நிற்காது.

ஊசி

ஊசியின் எண்ணில் 90 என்றால் தண்டின் விட்டம் 0.9 மில்லிமீட்டர். 100 வெயிட் நூலுக்கு 65/9 அல்லது 70/10, 50/2-க்கும் 60-க்கும் 75/11 அல்லது 80/12, 40/3 பருத்திக்கு 90/14, 28-க்கு 90/14 அல்லது 100/16, 12-க்கு 100/16. வகையில் டாப்ஸ்டிட்ச் ஊசி ஃப்ரீ மோஷனுக்கு நன்றாக ஒத்துவரும். அதன் காது பெரியது, முன்பக்கப் பள்ளமும் ஆழம், நூல் அதற்குள் ஒளிந்துகொண்டு துணியோடு உரசாமல் இறங்கும். பாத்திக் மாதிரி நெருக்கமாக நெய்த துணியில் தடித்த ஊசி போட்டால் ஓட்டை நிற்கும், அங்கே கூர்மையான மெல்லிய ஊசி.

நூலும் ஊசியும் பொருந்துகின்றனவா என்று மெஷினில் மாட்டாமலே பார்க்கலாம். ஊசியில் அரை மீட்டர் நூலைக் கோத்து, இரண்டு முனையையும் இழுத்து, நூல் ஏறக்குறைய 45 பாகை சாய்வில் நிற்கும்படி பிடியுங்கள். ஊசி மேல் முனையிலிருந்து தானாகச் சறுக்கிக் கீழே வந்தால் சரி. நடுவில் மாட்டிக்கொண்டால் ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் ஊசி தேயும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான கணக்கு. ‘டொக் டொக்’ என்று துணியைக் குத்தும் சத்தம் கேட்டால் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

பாபினும் டென்ஷனும்

மேலே எது போட்டாலும் அடியில் 50/2 பருத்தியோ 60 வெயிட் பாலியஸ்டரோ போடுவது வசதியான வழக்கம். பாபினில் அதிக நீளம் பிடிக்கும், அடிக்கடி நிறுத்த வேண்டாம், பின்பக்கமும் மென்மையாக இருக்கும். நிறத்தில் மட்டும் மேல் நூலுக்கும் அடி நூலுக்கும் நெருக்கம் வேண்டும். மேலே வெள்ளை, அடியில் கறுப்பு என்று வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் புள்ளி தெரியாமல் தைப்பது பெரும்பாடு. முடிச்சு விழ வேண்டிய இடம் நடுப் பஞ்சுக்குள். அது கால் மில்லிமீட்டர் மேலே ஏறினாலும் கறுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும்.

மேல் நூல் கோக்கும்போது ஃபுட் (ஊசிக்குக் கீழே துணிமேல் இறங்கும் பாதம்) மேலே தூக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் திறந்திருக்கும். தைக்கத் தொடங்கும்போது கீழே இறக்கியிருக்க வேண்டும். ஃப்ரீ மோஷன் ஃபுட் துணியை அழுத்தாமல் மிதப்பதால் இறக்கினோமா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. இறக்க மறந்தால் டென்ஷனே கிடையாது, அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும். பின்பக்கம் குப்பையாக வந்தால் டயலைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

டயலைத் திருகுவதற்கு முன் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் அடி நூல் கம்பி போல நேராகக் கிடந்து, மேல் நூல் அதன்மேல் வளையம் வளையமாக விழுந்திருந்தால் மேல் டென்ஷன் குறைவு. மேல்பக்கம் அடி நூல் புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம், இல்லையென்றால் பாபின் தளர்வு. நேர்க்கோட்டில் எல்லாம் சரியாக இருந்து, வளைவுகளில் மட்டும் பின்பக்கம் கண்ணிமை மயிர் மாதிரி சின்னச் சின்ன நூல் கிளம்பினால் பெரும்பாலும் கைதான் காரணம். வளைவு வந்ததும் கை வேகமெடுக்கிறது, மெஷின் அதே வேகத்தில் நிற்கிறது. வளைவில் கையை நிதானப்படுத்துங்கள். அதன் பிறகும் வந்தால் மேல் டென்ஷனை அரைப் புள்ளி கூட்டுங்கள்.

பாபின் கேஸின் ஸ்க்ரூவைத் தொடக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. நூல் பருமன் நிறைய மாறும்போது தொடாமல் முடியாது. முதலில் மார்க்கர் பேனாவால் ஸ்க்ரூ இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வலப்புறம் திருகினால் இறுகும், இடப்புறம் தளரும். ஒரு தடவைக்குக் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் நகரும் அளவுதான். கையில் எடுக்கும் வகை கேஸ் என்றால் நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா இருக்கும்போது நின்று, லேசாக உதறினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கி மறுபடி நிற்பது நல்ல தொடக்கம்.

ஸ்பூல் எப்படிச் சுற்றப்பட்டிருக்கிறது என்பதும் டென்ஷனைக் கெடுக்கும். நூல் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றியிருந்தால் நுனி வழியாக உருவ வேண்டும், படுக்கைவாட்டப் பின்னில் போடுங்கள். இணைகோடாகச் சுற்றியிருந்தால் ஸ்பூலே சுழன்று பக்கவாட்டில் அவிழ வேண்டும், நிமிர்ந்த பின்னில் போடுங்கள். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு கூடி, நூல் சுருண்டு எங்கேயாவது மாட்டும். ஜரிகை நூலில் இது இன்னும் மோசம். அதற்கு நிமிர்ந்த பின், 90/14 டாப்ஸ்டிட்ச் அல்லது மெட்டாலிக் ஊசி, வழக்கத்தைவிட நன்கு குறைத்த மேல் டென்ஷன், அடியில் மெல்லிய பாலியஸ்டர், மெஷினுக்குப் பாதி வேகம். பெரிய கோன் என்றால் மெஷினுக்குப் பின்னால் தனி ஸ்டாண்ட்.

இப்போது நிறம்

ஸ்பூலைத் துணிமேல் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும். மொத்தமாகச் சுற்றியிருக்கும்போது அடர்த்தியாகத் தெரியும் நிறம் ஒற்றைக் கோடாகப் போகும்போது வெளிறும். ஒரு மீட்டர் நூலை இழுத்து, துணிமேல் தாறுமாறாகப் போட்டு, நாலடி தள்ளி நின்று பாருங்கள். பல நிறத் துண்டுகள் சேர்ந்த மேல்துணியில் ஒரே நூல் ஓட வேண்டுமென்றால் நடுத்தரச் சாம்பல், மணல் நிறம் போன்றவை எல்லாத் துண்டிலும் அடங்கிப் போகும். இரண்டு நிறத்துக்கு நடுவில் தடுமாறினால் வெளிறியதை எடுங்கள். வெளிர் துணியில் அடர் நூல் விழுந்தால் ஒவ்வொரு தையலும் எண்ணும்படி நிற்கும்.

பலநிற நூல் தேர்ந்தெடுப்பவர்கள் நிறம் எத்தனை நீளத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்று பார்ப்பதில்லை. நீளமாக மாறும் நூலில் சின்ன டிசைன் போட்டால் ஒரு பூ முழுக்கச் சிவப்பு, பக்கத்துப் பூ முழுக்க மஞ்சள் என்று திட்டுத்திட்டாகும். அந்த நூலில் ஏதாவது ஒரு நிறம் துணியின் நிறத்தோடு ஒத்துப்போனால் அந்த இடத்தில் கோடே காணாமல் போய், தையல் விட்டுப்போன மாதிரி இருக்கும்.

அறுந்தால் முனையைப் பாருங்கள்

அறுந்த நூலின் முனையைத் தூக்கி எறிவதற்கு முன் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். முனை பஞ்சாக உரிந்திருந்தால் ஊசி: காது சிறியது, அல்லது தேய்ந்தது. ஊசி மாற்றியும் உரிந்தால் ஊசித்தட்டின் துளை ஓரத்தில் ஊசி மோதிய வெட்டு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். முனை வெட்டியது போல் சுத்தமாக இருந்தால் இழுபறி: டென்ஷன் அதிகம், அல்லது நூல் ஸ்பூலின் ஓரக் கீறலில் மாட்டியிருக்கிறது. ஒரே திசையில் நகர்த்தும்போது மட்டும் அறுந்தால் ஊசி வளைகிறது, கையை நிதானப்படுத்தி, ஒரு அளவு தடித்த ஊசி போடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் அறுந்தால் நூலையே சந்தேகிக்கலாம். ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். முரண்டு பிடிக்காமல் பொட்டென்று அறுந்தால் வெயிலிலோ வயதிலோ கெட்டது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பரிசோதிக்க அதே மேல்துணி, அதே பேட்டிங் (நடுப் பஞ்சு), அதே அடித்துணியில் ஒரு முழச் சதுரம் வேண்டும். வேறு துண்டில் சரிசெய்த டென்ஷன் இதில் செல்லாது. ஒரு சுருள், சில கூர்முனைகள், ஒரு வரிசை இறகு தைத்துப் பார்த்து, நூல், ஊசி, டயல் எண் மூன்றையும் அந்தத் துணியிலேயே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.

எவ்வளவு நூல் வேண்டும் என்பதையும் அதே துண்டில் அளந்துகொள்ளலாம். பாபினில் 10 மீட்டர் மட்டும் சுற்றி, அது தீரும்வரை உங்கள் டிசைனைத் தைத்து, நிரம்பிய பரப்பை அளங்கள். 30-க்கு 30 சென்டிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 150-க்கு 200 சென்டிமீட்டர் குயில்ட் அதைப்போல 33 மடங்குக்குச் சற்று மேல், எனவே அடி நூல் ஏறக்குறைய 335 மீட்டர். மேல் நூலுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி தீர்ந்த ஸ்பூலில் அவ்வளவு இருக்கிறதா என்று தெரிய டெக்ஸ் உதவும். 25 டெக்ஸ் நூலில் ஒரு கிராமுக்கு 40 மீட்டர். ஸ்பூலை எடைபோட்டு, அதே மாதிரி காலி ஸ்பூலின் எடையைக் கழித்துப் பெருக்கினால் மிச்ச நீளம் வந்துவிடும். பத்து கிராம் கூட இல்லையென்றால் தொடங்குவதற்கு முன்பே அதே டை லாட்டில் (ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதி) இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த லாட்டில் நிறம் ஒரு நிழல் தள்ளி வந்துவிடலாம்.